மலைக் குழந்தைக்குக் கணக்கு வராதா?

"இந்தப் பையனுக்குக் கணக்கு வராது." நமது நாட்டில் ஏழைக் குழந்தைகளின் மீது இதைவிட எளிதாகக் கூறப்படும் தீர்ப்பு வேறொன்றுமில்லை. கோர்ட்டில் தீர்ப்புக் கூறுவதென்றால் சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. இந்தத் தீர்ப்புக்கு இவை எதுவும் தேவையில்லை. எட்டு வயதில் கூறப்படும் இத்தீர்ப்பைக் குழந்தையும் நம்பிவிடுகிறது, பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். பிறகு ஆயுள் முழுவதும் அது செல்லுபடியாகிறது.

திண்டுக்கல் ஜில்லா கொடைக்கானல் தாலுகாவின் மேல்மலைக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, போளூர் என்று மலைமடிப்புகளுக்குள் கிடக்கும் ஊர்கள் இவை. வெள்ளைப்பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும், பீன்ஸும் விளையும் பூமி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பூண்டை நட்டுக் களையெடுத்துப் பிடுங்கிச் சுமக்கும் குடும்பத்தின் குழந்தைக்கோ, "கணக்கு வராத மலைப்பிள்ளை" என்ற பெயர்தான் மிச்சம்.

இந்தப் பெயர் பொய்ப் பெயர் என்பது நமது வாதம். குழந்தைக்குக் கணக்கு வராமலில்லை. குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கைப் பள்ளிக்கூடம் ஏறிட்டுப் பார்ப்பதில்லை; பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்கும் கணக்கு குழந்தையின் வாழ்க்கையைத் தொடுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போடவேண்டியது உபாத்தியாயரின் வேலை. அந்த வேலையைச் செய்வதற்கு வேண்டிய ஆளையும், நேரத்தையும், வசதியையும் கொடுக்கவேண்டியது சர்க்காரின் கடமை.

பூண்டு மூட்டைக்குள் இருக்கும் கணக்கு

மேல்மலையில் விளையும் பூண்டு பெரும்பாலும் பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வடுகபட்டி மண்டிக்குப் போகிறது. மண்டியிலிருந்து திரும்பி வரும் விவசாயி கையிலிருக்கும் சீட்டை வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் என்னென்ன கணக்குப் போடவேண்டியிருக்கிறது என்று பார்ப்போம். விலையும் செலவும் ஆண்டுக்காண்டு மாறும். ஆகவே உதாரணத்துக்காக நாமே சில தொகைகளை வைத்துக்கொள்வோம்.

மூட்டைக்கு 60 கிலோ வீதம் 4 மூட்டை. ஆக 240 கிலோ. கிலோ 150 ரூபாய் என்றால் 36,000 ரூபாய். இதில் நூற்றுக்குப் பத்து கமிஷன் என்று 3,600 ரூபாய் போய்விட்டது. லாரி வாடகை மூட்டைக்கு 100 ரூபாய் வீதம் 400. ஏற்றுக்கூலி மூட்டைக்கு 20 வீதம் 80. மிச்சம் 31,920 ரூபாய். விதைப்பூண்டுக்கு வாங்கிய முன்பணம் 20,000 ரூபாய். அதற்கு மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி, ஐந்து மாதத்துக்கு 3,000 ரூபாய். எல்லாம் போக விவசாயியின் மடியில் விழுவது 8,920 ரூபாய்.

இதோடு முடிந்ததா? "மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு" என்று தராசுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு கிலோ என்பது காதுக்குச் சிறிதாகத்தான் கேட்கிறது. நான்கு மூட்டைக்கு எட்டுக் கிலோ. அதன் விலை 1,200 ரூபாய். "மூன்று வட்டி" என்பதும் காதுக்குச் சிறிதுதான். ஆண்டுக்கு அது நூற்றுக்கு முப்பத்தாறு!

இந்தச் சீட்டில் இருப்பது என்ன? பெருக்கல், கழித்தல், சதவிகிதம், வட்டி. அதாவது ஆரம்பப் பள்ளியிலும், அதற்கு அடுத்த ஓரிரு வகுப்புகளிலும் சொல்லிக் கொடுக்கப்படும் கணக்குத்தான் இதில் அத்தனையும் இருக்கிறது. கழித்தலும் பெருக்கலும் தெரியாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப்போகும் குழந்தை, பிற்காலத்தில் ஒவ்வொரு அறுவடையிலும் அதற்கு அபராதம் கட்டுகிறது. ஆகவே இது வெறும் மார்க்குப் பிரச்னை அல்ல, சோற்றுப் பிரச்னை.

அளவும் கணக்கும் உழைப்பாளி மக்களுக்கு எப்பொழுதுமே சோற்றுப் பிரச்னையாகத்தான் இருந்துவந்திருக்கின்றன. 1940களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் கிளர்ந்தெழுந்தபொழுது, கூலி நெல்லை முத்திரையிட்ட மரக்காலால்தான் அளக்கவேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. மரக்காலின் கொள்ளளவு சரியா என்று கேட்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். கணக்குப் பாடத்தின் முதல் பயன் அதுதான்.

சந்தையில் கெட்டி, பலகையில் பூஜ்யம்

சாமான்யக் குழந்தைகளுக்குக் கணக்கறிவு உண்டா இல்லையா என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்களே பதில் கூறியிருக்கிறார்கள்.

பிரேஸில் நாட்டின் ரெஸிபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து குழந்தைகளை மூன்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, முடிவை 1985ல் வெளியிட்டார்கள். வாடிக்கைக்காரர்களைப் போல நின்று விலை கேட்டபொழுது, குழந்தைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக் கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்துச் செய்யச் சொன்னபொழுது, நூற்றுக்கு முப்பத்தேழுதான் சரி! ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் என்ன என்று கேட்டதற்கு, ஒரு பையன் மூன்று தேங்காய்க்கு 105 என்று வைத்து, அதை மும்முறை கூட்டி, மிச்சமுள்ள ஒரு தேங்காயின் 35ஐச் சேர்த்து 350 என்றான். பள்ளிக்கூடத்தில் "பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்யம் போடு" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பூஜ்யத்தை அவன் நம்பவில்லை. தன் மூளையை நம்பினான்.

நமது நாட்டிலேயே, டில்லியிலும் கல்கத்தாவிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 குழந்தைகளிடம் ஓர் ஆராய்ச்சி நடத்தப்பட்டது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் வேறு பலரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி இது. 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. சந்தைக் குழந்தைகள் சிக்கலான விலைக் கணக்குகளைக் காகிதமும் பேனாவும் இல்லாமல் மனத்திலேயே போட்டார்கள். ஆனால், அதைவிட எளிய பாடப்புத்தகக் கணக்குகளைக் கண்டு திகைத்து நின்றார்கள்.

இதன் மறுபக்கத்தையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். சந்தை வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் செல்லும் 471 குழந்தைகளையும் அவர்கள் சோதித்தார்கள். இவர்கள் பாடப்புத்தகக் கணக்கில் சந்தைக் குழந்தைகளைவிடத் தேறினவர்கள். ஆனால் சந்தைக் கணக்கில் திணறிவிட்டார்கள். அதாவது, நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று நாம் மெச்சும் குழந்தைக்கும்கூடப் பள்ளிக்கணக்கு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பழுது குழந்தையிடம் அல்ல, கற்பிக்கும் முறையிடம்தான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

குழந்தைகள் சந்தையில் உழைப்பதை நாம் புகழவில்லை. அவர்கள் இருக்கவேண்டிய இடம் பள்ளிக்கூடம். ஆனால் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும்பொழுது வெறும் தலையோடு வரவில்லை என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். கடைக்குப் போய்க் கால் கிலோ சர்க்கரை கேட்கத் தெரிந்த குழந்தைக்குப் பின்னத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று தமிழிலே அது சரளமாகப் பேசுகிறது. ஆனால் பலகையில் ஒன்றின் கீழ் ஒரு கோடு, கோட்டின் கீழ் நான்கு என்று எழுதியவுடன் மிரள்கிறது. கடையில் கேட்ட காலும் பலகையில் எழுதிய காலும் ஒன்றுதான் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

கடன் வாங்கும் கணக்கு

கழித்தல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 42லிருந்து 17ஐக் கழிக்கவேண்டும். நமது பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுக்கும் வழி எது? "இரண்டிலிருந்து ஏழு போகாது. பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு. இரண்டு பன்னிரண்டாகிவிட்டது. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. நான்கு மூன்றாகிவிட்டது. மூன்றில் ஒன்று போனால் இரண்டு. விடை 25."

விடை சரிதான். ஆனால் குழந்தை என்ன புரிந்துகொள்கிறது? ஒன்றைக் கடன் வாங்கினால் அது எப்படிப் பத்தாக ஆயிற்று? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டாமா? கடன்பட்ட வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு இந்தக் கேள்வி நியாயமாகவே எழும். கேட்டால், "சொன்னபடி போடு" என்பதுதான் பதில். மூன்று நாளில் கடன் வாங்கவேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்பது மறந்துபோகிறது. 42லிருந்து 17 போனால் 35 என்று எழுதுகிறது. உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: "இதற்குக் கணக்கு வராது."

இதே கணக்கை வேறு விதமாகச் செய்து பார்ப்போம். நாற்பத்திரண்டு பூண்டை எடுத்து, பத்துப் பத்தாகத் தாளோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். நான்கு கட்டும் இரண்டு உதிரியும் இருக்கும். இப்பொழுது பதினேழு பூண்டு கொடு என்று கேளுங்கள். உதிரியில் இரண்டுதான் இருக்கிறது, ஏழு வேண்டும். குழந்தை என்ன செய்யும்? யாரும் சொல்லாமலே ஒரு கட்டை அவிழ்க்கும். உதிரி பன்னிரண்டாகும். ஏழைக் கொடுத்தால் ஐந்து உதிரி மிச்சம். மீதமுள்ள மூன்று கட்டில் ஒரு கட்டைக் கொடுத்தால் இரண்டு கட்டு. ஆக இருபத்தைந்து.

இங்கே கடனும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. கட்டை அவிழ்த்தோம், அவ்வளவுதான். கூட்டலில் பத்து சேர்ந்தால் கட்டுகிறோம். கழித்தலில் போதாவிட்டால் அவிழ்க்கிறோம். ஒன்று, பத்து, நூறு என்ற இட மதிப்பு முழுவதும் இந்தக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் அடங்கியிருக்கிறது. பத்து நாள் கையால் கட்டி அவிழ்த்த குழந்தை, பதினோராம் நாள் பலகையில் எழுதும்பொழுது எண்களுக்குப் பின்னால் கட்டுகளைக் காணும். பிறகு பூண்டும் வேண்டாம், குச்சியும் வேண்டாம்.

கடைக்காரரின் வழி இன்னொன்று உண்டு. பதினேழிலிருந்து இருபதுக்கு மூன்று, இருபதிலிருந்து நாற்பதுக்கு இருபது, மேலே இரண்டு, ஆக இருபத்தைந்து. மிச்சச் சில்லறை கொடுக்கும் எல்லாரும் செய்யும் கழித்தல் இது. வகுப்பில் ஒரு குழந்தை இந்த வழியில் விடை சொன்னால், "முறை தப்பு" என்று அடிக்கோடு போடுவது அநியாயம். "எப்படிக் கண்டுபிடித்தாய்? எல்லாருக்கும் சொல்" என்று கேட்பவரே நல்ல உபாத்தியாயர்.

திண்ணையிலிருந்து அட்டை வரை

தமிழ்நாட்டுக்குக் கணக்குக் கற்பித்தல் புதிதல்ல. பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடம் செய்யப்பட்டது. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. இந்தக் கீழ்வாய் எண்களையெல்லாம் குழந்தைகள் மணலில் எழுதி, உரக்கச் சொல்லிக் கற்றார்கள். இன்றைய ஐந்தாம் வகுப்புப் பின்னத்தைவிட அது கடினம். ஆயினும் நிலம் அளப்பதும், நெல் அளப்பதும், பொன் நிறுப்பதும் ஊரில் அன்றாடம் நடந்ததால், மனப்பாடத்துக்குப் பொருள் இருந்தது.

சட்டாம்பிள்ளையைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவைக்கும் வழக்கமும் இங்கே இருந்தது. சென்னையில் 1789 முதல் 1796 வரை அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதும் முறையை இங்கே கண்டார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் தமது பள்ளியில் கையாண்டு, இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது.

ஆனால் பழமையைப் பார்த்து மயங்கிவிடக்கூடாது. திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. பெண் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் இடமில்லை. கணக்கு தெரிந்தவர் கணக்குப்பிள்ளையானார். தெரியாதவர் கைநாட்டு வைத்தார். ஆகவே திண்ணைக்குத் திரும்புவோம் என்று நாம் சொல்லவில்லை. எல்லாக் குழந்தைகளையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்த பொதுப் பள்ளிக்கூடம் மகத்தான முன்னேற்றம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கணக்கு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

இந்தத் திசையில் நமது மாநிலத்தில் நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறைதான் அதற்கு மூலம். பின்னர் அது மாநிலத்தின் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரில் அவர்களுக்கு எட்டும் உயரத்தில் பலகை வந்தது. மணிகளும் குச்சிகளும் கைக்கு வந்தன. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறலாம் என்றார்கள். அடியும் அதட்டலும் இல்லாத வகுப்பறை என்பதே ஏழைக் குழந்தைக்குப் பெரிய விடுதலை.

ஆனால் காலப்போக்கில் பல இடங்களில் அட்டையே குறிக்கோளாகிவிட்டது. எத்தனை அட்டை முடிந்தது என்று எண்ணினார்கள். அட்டைக்குப் பின்னாலிருக்கும் கருத்து புரிந்ததா என்று கேட்க நேரமில்லாமல் போயிற்று.

கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022ல் எண்ணும் எழுத்தும் இயக்கம் வந்தது. முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அவர்களுடைய நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பாட்டும் விளையாட்டும் பொருள்களும் கொண்டு கற்பிக்கச் சொன்னது அது. பின்னர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டப்பட்டது. பின்தங்கிய குழந்தையை அது நிற்கும் இடத்திலிருந்து கூட்டிச்செல்லவேண்டும் என்ற கருத்து சரியானது. ஆனால் மதிப்பீடு, பதிவேற்றம், செல்போனில் விவரம் அனுப்புதல் என்ற வேலைகள் கற்பிக்கும் நேரத்தை விழுங்குகின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டன. அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. கட்டு அவிழ்ப்பதைக் குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கவேண்டிய கண், செல்போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு எங்கிருந்து வரும்?

நாடு முழுவதும் நிலைமை என்ன? கிராமப்புறக் குழந்தைகளை வீடுவீடாகச் சென்று சோதிக்கும் 'அசர்' அறிக்கையின்படி, மூன்றாம் வகுப்பில் கழித்தல் செய்யக்கூடியவர்கள் 2018ல் நூற்றுக்கு 28.2. 2022ல் அது 25.9ஆக விழுந்து, 2024ல் 33.7ஆக உயர்ந்தது. ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் செய்யக்கூடியவர்கள் 2024ல் நூற்றுக்கு 30.7. ஏற்றம் வரவேற்கத்தக்கதுதான். ஆனாலும் மூன்றில் இரண்டு குழந்தைகள் வெளியே நிற்கிறார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு மூளையில்லை என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்லமாட்டான்!

2005ம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணக்குக் கற்பித்தலை ஆராய்ந்த குழுவுக்குச் சென்னைக் கணித விஞ்ஞானி ரா. ராமானுஜம் தலைமை வகித்தார். பெரும்பாலான குழந்தைகளைக் கணக்கு பயமுறுத்தித் தோல்வியுணர்ச்சியில் தள்ளுகிறது என்பதைத்தான் அந்தக் குழு முதல் குறையாக எழுதியது. கணக்கின் நோக்கம் சூத்திரங்களைத் திணிப்பதல்ல, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே என்றது. குறை கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இனி வேண்டியது செயல்.

ஐந்து வகுப்பு, இரண்டு உபாத்தியாயர்

கட்டி அவிழ்க்கும் கணக்கைச் சொல்லிக் கொடுக்க உபாத்தியாயர் குழந்தையின் அருகில் உட்காரவேண்டும். அதற்கு ஆள் எங்கே?

2009ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆரம்பப் பள்ளியில் அறுபது குழந்தைகள் வரை இருந்தால் இரண்டு உபாத்தியாயர்கள். மலைக்கிராமங்களில் குழந்தைகளின் எண்ணிக்கை இயற்கையிலேயே குறைவு. ஆகவே போளூர் போன்ற சிற்றூர்களுக்குச் சட்டம் அளிக்கும் உத்தரவாதம் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்பதுதான்.

இதன் பொருளைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குக் கணக்குக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள். வகுப்புக்கு ஓர் உபாத்தியாயர் இருக்கும் பள்ளியில் குழந்தைக்கு 200 மணி நேரம் கிடைக்கும். மூன்று வகுப்புகளை ஒருவரே பார்க்கும் பள்ளியில் ஒரு வகுப்புக்கு நாளுக்கு 20 நிமிஷம். ஆண்டுக்கு 67 மணி நேரம்கூட முழுதாக இல்லை. ஒருவர் விடுப்பிலோ, பயிற்சியிலோ, தேர்தல் வேலையிலோ போய்விட்டால், ஐந்து வகுப்பையும் மற்றவர் மேய்க்கவேண்டியதுதான்! மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் கொடுத்துவிட்டு, முழு மார்க்கைக் கேட்பது எந்த ஊர்க் கணக்கு?

மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் போக்குவரத்து நின்றுவிடுகிறது. ஊரிலேயே தங்குவதற்கு உபாத்தியாயருக்கு வசதியான வீடு இல்லாவிட்டால், அவர் இடமாற்றம் கேட்பதைக் குற்றமாகச் சொல்லமுடியாது. சமவெளியில் தலையை எண்ணி ஆள் போடும் விதி, மலையில் தூரத்தை எண்ணி ஆள் போடவேண்டும்.

பணமில்லை என்பார்கள். பிரதமர் பெயரிலான பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25ம் ஆண்டில் தமிழ்நாட்டுக்குரிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்திவைத்ததை நாடறியும். டில்லிக்கும் சென்னைக்கும் நடுவே வழக்குகள் நடக்கலாம். ஆனால் மூன்றாம் வகுப்புக் குழந்தையின் ஓராண்டு, வழக்கு முடியும்வரை காத்திருக்காது.

குலக்கல்வியா இது?

நமது வாதத்துக்கு ஓர் ஆட்சேபனை எழக்கூடும். "பூண்டுக்காரர் பிள்ளைக்குப் பூண்டுக் கணக்கு, கலெக்டர் பிள்ளைக்கு அல்ஜீப்ராவா? இது குலக்கல்வி அல்லவா?" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான் இது.

1953ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பாதி நாள் பள்ளி, மீதிப் பாதி அப்பன் தொழில் என்றது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1954ல் அவர் பதவியைவிட்டு விலகினார்; காமராஜ் மந்திரிசபை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. குழந்தையை அப்பனின் வயலிலேயே கட்டிப்போட நினைத்த திட்டம் அது. அதை எதிர்த்தது முற்றிலும் சரி.

நாம் கூறுவது அதற்கு நேர் எதிரானது. வயல் என்பது கணக்கின் தொடக்கம், முடிவல்ல. பூண்டுக் கட்டில் தொடங்கும் குழந்தை, தராசு இரண்டு பக்கமும் சமமாக நிற்பதைக் கொண்டு சமன்பாட்டுக்குப் போகவேண்டும். மலைச்சரிவிலுள்ள அடுக்கு நிலங்களை அளப்பதில் தொடங்கி, பரப்பளவுக்கும், கோணத்துக்கும், சரிவின் விகிதத்துக்கும் போகவேண்டும். அங்கிருந்து எஞ்சினீயரிங் கல்லூரிக்கும் விஞ்ஞானக் கூடத்துக்கும் போகவேண்டும்.

இது கனவல்ல. சோவியத் யூனியனில் 1960களில் தவீதவ் என்ற உளவியலறிஞரும் அவரது தோழர்களும் மாஸ்கோவின் 91ம் எண் பள்ளியில் ஒரு புதிய பாடத்திட்டத்தைச் சோதித்தார்கள். முதல் வகுப்பில் எண்களைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பு, பொருள்களை ஒப்பிடவும் அளக்கவும் விட்டார்கள். எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் அதிகம், எந்தக் கயிறு நீளம், எது கனம் என்று பார்த்து, அதிகம், குறைவு, சமம் என்பவற்றை எழுத்துக்களால் குறித்தார்கள். ஒரு சிறு அளவைக் கொண்டு பெரிய அளவை அளக்கும்பொழுதுதான் எண் பிறந்தது. ஆறேழு வயதுக் குழந்தைகள் கையால் அளந்துகொண்டே அல்ஜீப்ராவின் வாசலில் நின்றார்கள். படி கொண்டு நெல் அளப்பதைப் பார்த்து வளரும் தமிழ்க் குழந்தைக்கு இது எட்டாத உயரமா?

உடனே செய்யவேண்டியவை

ஒன்று: மலைக்கிராம ஆரம்பப் பள்ளிகளில் குழந்தைகளின் தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், குறைந்தது மூன்று உபாத்தியாயர்களை நியமிக்கவேண்டும். அவர்களுக்கு ஊரிலேயே குடியிருப்பு கட்டித்தரவேண்டும். மலைப்படி போதிய அளவில் கொடுக்கவேண்டும். ஒரு பள்ளியையும் எண்ணிக்கையைக் காட்டி மூடக்கூடாது.

இரண்டு: ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களிடமிருந்து பதிவேற்ற வேலைகளை அகற்றவேண்டும். ஒன்றியத்துக்கு வேண்டிய எழுத்தர்களை வைத்து அந்த வேலையைச் செய்துகொள்வது இலாகாவின் பொறுப்பு.

மூன்று: ஒவ்வொரு வகுப்பிலும் தராசு, எடைக்கற்கள், அளவுப் படிகள், அளவு நாடா, குச்சிக் கட்டுகள் இருக்கவேண்டும். இவை பீரோவில் பூட்டி வைப்பதற்கல்ல. குழந்தையின் கையில் தேய்வதற்கு.

நான்கு: மாநிலம் முழுவதற்கும் பாடப்புத்தகம் ஒன்றாக இருக்கட்டும். ஆனால் வட்டாரத்துக்கேற்ற கணக்குகளை உபாத்தியாயர்களே கூடித் தயாரிக்க, மாதம் ஒரு நாள் ஒதுக்கவேண்டும். மேல்மலைக்குப் பூண்டும் காரட்டும், கடற்கரைக்கு வலையும் மீனும், திருப்பூருக்குப் பனியன் பீஸ் கூலியும் கணக்காக வரட்டும்.

ஐந்து: விடை தப்பானால் மார்க்கைக் குறைப்பதோடு நிற்காமல், எங்கே தப்பிற்று என்று குழந்தையோடு உட்கார்ந்து பார்ப்பதே சோதனையின் நோக்கம் என்பதைப் பயிற்சிகளில் வலியுறுத்தவேண்டும்.

இவை எல்லாவற்றையும் சர்க்காரே செய்யட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருக்கக்கூடாது. சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள்தான் அங்கத்தினர்கள். விவசாயிகள் சங்கத் தோழர்களும், மாதர் சங்கத்தினரும், வாலிபர்களும் அந்தக் குழுக்களில் பங்கெடுக்கவேண்டும். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது போதாது. நமது பள்ளிக்கு எத்தனை உபாத்தியாயர், கணக்குக்கு எத்தனை மணி நேரம், தராசு எங்கே என்று கேட்கவேண்டும். மண்டிக்குப் போய்வந்த சீட்டைப் பெற்றோர்கள் குழந்தையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டும். நமக்குத் தெரியாத இடத்தில் குழந்தை நமக்குச் சொல்லித் தரட்டும், அதில் வெட்கமொன்றுமில்லை.

மேல்மலையில் விளையும் ஒரு பூண்டுக்குள் எத்தனை பல் இருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக் "கணக்கு வராது" என்று சொல்லும் வாயை முதலில் மூடவேண்டும். பிறகு, பள்ளிக்கூடத்தின் கதவை அகலத் திறக்கவேண்டும். கணக்கு கேட்கத் தெரிந்த தலைமுறை ஒன்று அந்தக் கதவின் வழியாக வெளியே வரட்டும். மண்டியிலும், பஞ்சாயத்திலும், சட்டசபையிலும் கணக்கு கேட்கவேண்டிய விஷயங்கள் ஏராளமாகக் காத்திருக்கின்றன.